பொற்பாதமும் கேழ்வரகு மூட்டையும்

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 4ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ஆடி அமாவாசை. நேரம் விடியற்காலை ஐந்தரை மணி. இடம், தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டிக்கு மேற்கே உள்ள ஒரு மொட்டைப் பாறை. நிகழ்ச்சி, பொற்பாத மாதவராஜ் சுவாமிகள் பொதுமக்களின் முதுகின்மேல் ஏறி நிற்றல்.

தாயின் வயிற்றிலிருந்து கால் முன்னே வரப் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு விட்டுப்போகும் என்பது நம் பக்கத்தில் நெடுநாளைய நம்பிக்கை. கால் முன்னே வந்த பிள்ளையை உயிரோடு வெளியே எடுத்த மருத்துவச்சிக்கு எந்தச் சக்தியும் இல்லை. வந்த காலுக்குத்தான் சக்தி. போகட்டும். தொப்பூர்க் கணவாயில் லாரிச் சக்கரங்களுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த மாதவராஜுக்கு, தாமும் அவ்வாறே பிறந்தவர் என்பது நாற்பத்தொன்றாம் வயதில் திடீரென நினைவுக்கு வந்தது. பிறந்த நேரத்து நினைவு வருவதற்கு நாற்பத்தொரு வருடம் ஆகும் போலும். அன்று முதல் அவர் சுவாமிகள்.

காணிக்கை பணமாகப் பெறமாட்டார். பணம் மாயையாம். ஆளுக்கு ஒரு மூட்டை கேழ்வரகு போதுமாம். பாறைக்குப் பின்னால் மாயையல்லாத மூட்டைகள் மலைபோல் அடுக்கப்பட்டிருந்தன.

சிகிச்சைமுறையைச் சொல்கிறேன், வரிசை முக்கியம். நோயாளி முதல்நாள் மாலையே வந்து, தகரக் கொட்டகையில் வெறுந்தரையில், புரளாமல், இரவு முழுவதும் மல்லாந்து கிடக்க வேண்டும். விடியும்போது எழ முடியாமல் முனகுவார். அந்த முனகல் அவருடையது அன்று, முதுகில் குடியிருக்கும் வாதமுனியுடையது என்று விளக்கப்படும். பிறகு கைகளை வீசிக்கொண்டு பாறையைப் பலமுறை சுற்றிவர வேண்டும். பிறகு அண்டாவிலிருந்து இளஞ்சூட்டு வெந்நீரை முதுகில் ஊற்றுவார்கள். கடைசியில் பலகைமேல் குப்புறப் படுக்கவைத்து, தலை முதல் கால் வரை மஞ்சள் துணியால் மூடி, சுவாமிகள் மிதிப்பார். ‘படக்’ என்று ஓர் ஓசை கேட்கும். முனி ஓடிவிட்டான்! பம்பை முழங்கும். நோயாளி எழுவார். “லேசாயிடுச்சுங்க!” என்பார்.

மிதிக்கும்போது சுவாமிகள் கீழே பார்ப்பதில்லை. பார்த்தால் பாதத்தின் ஒளி அவர் கண்ணையே கெடுத்துவிடுமாம். வானத்தை நோக்கியபடியே மிதிப்பார்.

அன்றைய கூட்டத்தில் சிலம்பரசனும் அவன் மனைவி பிரியங்காவும் இருந்தார்கள். சிலம்பரசன் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவன், வயது இருபத்தேழு. மூன்று வருடங்களாக அவனுக்கு இடுப்பிலும் அடிமுதுகிலும் வலி. பின்னிரவில் வலி எழுப்பிவிடும். காலையில் உடம்பு கட்டையாகக் கிடக்கும். துடுப்புப் போடத் தொடங்கினால் மெல்லத் தளரும். தருமபுரியில் ஒரு மருத்துவர் படம் எடுத்துப் பார்த்து, இது முதுகெலும்பின் மூட்டுகளில் ஏற்படும் அழற்சி நோய் என்றார். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே வழிதவறி உடலைத் தாக்குகிறது. அடியோடு போகாது, ஆனால் மாத்திரையாலும் அன்றாடப் பயிற்சியாலும் அடக்கி வைக்கலாம். கண் சிவந்து வலித்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் வர வேண்டும். முதுகில் எவரையும் ஏற விடாதே, இந்த நோயில் எலும்பு இறுகி எளிதில் முறியக்கூடும் என்று தெளிவாகச் சொன்னார். இலவசமாகவும் சொன்னார். ஆகையால் மதிப்பில்லை.

ஆற்றில் வெள்ளம் பெருகிப் பரிசல் ஓட்டத் தடை விதித்தார்கள். சிலம்பரசன் வீட்டிலேயே படுத்திருந்தான். படுக்கப் படுக்க வலி மிகுந்தது. சுவாமிகளிடம் வந்தான். “மாத்திரை உள்ளே இருந்தால் பாதம் பலிக்காது” என்று உத்தரவாயிற்று. நிறுத்தினான். இரண்டு முறை மென்மிதி பெற்றான். இன்று அவனுக்கு முழுமிதி. அதாவது, தொண்ணூறு கிலோ எடையுள்ள சுவாமிகள் இரண்டு பாதங்களாலும் ஏறி நிற்பார். நேற்றிலிருந்து அவன் இடக்கண் செக்கச்செவேலென்று சிவந்திருந்தது. அது முனி வெளியேறும் வழியாம்.

“மாமா, வூட்டுக்குப் போயிறலாம். டாக்டரு என்ன சொன்னாருன்னு மறந்துபோச்சா?” என்றாள் பிரியங்கா.

“நீ சும்மா இரு புள்ள. டாக்டரு மூணு வருசமா மாத்திரைதான் குடுக்கறாரு. சாமி கைமேல குணம் காட்டறாரு.”

“கைமேல இல்ல, கால்மேல.”

வரிசையில் அடுத்து நின்ற வத்தல்மலை விவசாயி காளியன் சிரித்துவிட்டார். தம் மூட்டையின்மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

சிலம்பரசன் பாறையைச் சுற்றினான். முதற்சுற்றில் கிழவனைப்போல் குனிந்து நடந்தவன், போகப்போக நிமிர்ந்தான். வெந்நீரும் ஊற்றினார்கள். துவட்டிக்கொண்டு மறைப்புக்குள் வந்தான். நோயாளியை உறவினரே துணியால் மூடுவதற்காகக் கட்டிய ஓலை மறைப்பு அது. பிரியங்கா மஞ்சள் துணியை விரிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

“இப்ப முதுகு எப்படி மாமா இருக்கு?”

“பரவாயில்ல. லேசா இருக்கு.”

“யாரு மிதிச்சா?”

“என்னது?”

“லேசாயிருக்குங்கறீங்களே, இன்னும் யாரும் மிதிக்கவே இல்லையே! மிதிக்காமயே லேசாயிட்டா, அப்புறம் எதுக்கு மிதி?”

சிலம்பரசன் குனிந்தான்; நிமிர்ந்தான். பரிசல் ஓட்டும் நாட்களிலும் இப்படித்தானே தளர்ந்தது? அசைவும் வெந்நீரும் இந்த நோய்க்கு இதம் என்பது மருத்துவர் சொன்னது. சுவாமிகள் அதைத் திருடி, தம் பாதத்தின் பெயரில் பட்டா போட்டுக்கொண்டார். இரவெல்லாம் அசையாமல் கிடத்தி வலியைக் கூட்டுவது மட்டுமே அவருடைய சொந்தச் சரக்கு.

“ஆனா படக்குன்னு சத்தம் கேக்குதே புள்ள? அது எங்கிருந்து வருது?”

“உங்க முதுகுல இருந்து வருதா, வேற எங்கிருந்தாச்சும் வருதான்னு பாத்துறலாம்” என்றவள், மறைப்புக்கு வெளியே அடுத்து நின்ற காளியன் பக்கம் திரும்பினாள். “ஏனுங்க அண்ணா, அந்த மூட்டையைக் கொஞ்சம் குடுக்கறீங்களா?”

காளியன் ஒரு கணம் விழித்தார். மறுகணம் அவர் முகம் மலர்ந்தது. “எடுத்துக்கம்மா. அதுக்கும் மலையிலிருந்து எறங்கனதுல இடுப்புப் பிடிச்சிருக்கும், பாவம்.”

பலகைமேல் மூட்டையைக் கிடத்தினார்கள். தலைக்கு ஒரு சுருட்டிய போர்வை. காலுக்கு ஒரு போர்வை. மேலே மஞ்சள் துணி. மறைப்பை விலக்கிவிட்டு, மூவரும் கூட்டத்தோடு கூட்டமாகக் கைகட்டி ஒதுங்கி நின்றார்கள்.

பம்பை அதிர்ந்தது. சுவாமிகள் வந்தார். வானத்தை நோக்கினார். “ஏ வாதமுனியே! யார் முதுகில் வந்து குடியிருக்கிறாய்?” என்று கர்ஜித்தபடி இரண்டு பாதங்களாலும் ஏறினார்.

படக்!

“ஓடிட்டான்! மூணு வருசத்து முனி ஓடிட்டான்! மகனே சிலம்பரசா, எழுந்திரு!”

மகன் எழவில்லை.

“வெட்கப்படாதே. எழுந்திரு!”

மூட்டைகள் பொதுவாக எழுவதில்லை. சுவாமிகள் வானத்திலிருந்து கண்ணை இறக்கி, துணியை உருவினார். கேழ்வரகு! ஐம்பது கிலோ!

பம்பைக்காரர் கை நின்றது. பிறகு யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும்.

சுவாமிகளைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. “மூடர்களே! முனி இந்தத் தானியத்துக்குள்ளே ஒளிந்திருந்தான். ஞானக்கண்ணால் கண்டுதான் மிதித்தேன்!” என்றார். அதைக் கேட்டு நஞ்சம்மாள் என்ற அம்மையார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தார். “சாமி, அப்ப இந்த ராகியில களி கிண்டித் தின்னா என்ற மூட்டு வலி போயிருமுங்களா? ஒரு படி குடுங்க சாமி” என்றார். மோசடிக்காரன் விழும்போதெல்லாம், விழாமல் தாங்கிக்கொள்ள நம்மில் ஒருவர் மடியை விரித்தபடி காத்திருக்கிறார்.

காளியன் மூட்டையை இறக்கிவிட்டுப் பலகையைப் புரட்டினார். அடியில், ஒன்றன்மேல் ஒன்றாக வளைத்துக் கட்டிய மூங்கில் பட்டைகள். பலகையைத் திரும்பப் போட்டு, தாமே ஏறினார். படக். இறங்கி மறுபடியும் ஏறினார். படக்.

“நான் தலை முன்ன வரத்தான் பொறந்தேனுங்க. எனக்கும் படக்குங்குது!” என்றார்.

சுவாமிகளின் அத்தை மகன் ஒருவர், “மாதவராஜும் தலை முன்னாலதானுங்க பொறந்தான், எங்கம்மாதான் பிரசவம் பார்த்தாங்க” என்று சாட்சி சொல்ல முன்வந்தார். பிரியங்கா தடுத்தாள்.

“அது எதுக்குங்க? கால் முன்ன வந்திருந்தா மட்டும் இவரு மிதிச்சா வியாதி போயிருமா? எங்க மாமா முதுகு முறிஞ்சிருந்தா, எந்தப் பக்கமா பொறந்தவரு முறிச்சாருன்னா கேப்பாங்க?”

அதற்கு மேல் சிரிப்பு எழவில்லை. சிலம்பரசன் அந்தப் பலகையையும், அதன்மேல் ஏறி நின்ற உருவத்தின் பருமனையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் கை தானாகவே இடுப்புக்குப் போயிற்று.

“வா புள்ள, பஸ்சுக்குப் போலாம். கண்ணு வேற எரியுது” என்றான்.

அன்றே கணவனும் மனைவியும் தருமபுரிக்குச் சென்று, ஞாயிற்றுக்கிழமையாயினும் அவசரப் பிரிவில் கண்ணைக் காட்டினர். கண்ணுக்குள்ளும் அதே அழற்சிதான் என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். இன்னும் சில நாள் விட்டிருந்தால் பார்வைக்கே கேடு வந்திருக்கலாம் என்றார்கள். மாத்திரையைப் பழையபடி தொடங்குவது, பரிசல் ஓடினாலும் ஓடாவிட்டாலும் காலையில் பயிற்சி செய்வது, பீடியை விடுவது என்று முடிவாயிற்று. மூன்றாவதற்குச் சிலம்பரசன் முனகினான். பிரியங்கா முடிவை மாற்றவில்லை.

மாதவராஜ்மீது போலீசில் புகார் கொடுக்கப்பட்டது. மூட்டைகள் உரியவர்களிடம் திருப்பித் தரப்பட்டன. அன்று மாலை பாறையடியில் கூடியவர்கள் ஒருமனதாகத் தீர்மானித்தது இது: இனி இந்தப் பக்கம் எந்த அற்புதக்காரர் வந்தாலும், மனிதரைத் தொடுமுன் ஒரு மூட்டைக்கு வைத்தியம் செய்து காட்ட வேண்டும். மூட்டைக்கும் குணமாகிவிட்டால், அவரை அப்படியே பஸ் ஏற்றி அனுப்பிவிட வேண்டும். தீர்மானத்துக்கு நஞ்சம்மாளும் கை தூக்கினார். ஒரு படி கேழ்வரகை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.