நியாயமான நாற்பது பேர்

"பஸ் ஸ்டாப்புல நிக்கிற பசங்களப் போயி பஸ்ஸு வேணுமான்னு கேட்டா, வேணும்னுதான சார் சொல்லுவாங்க?" என்று காகிதத்தைத் திருப்பித் தள்ளினார் டிப்போ அதிகாரி தணிகாசலம்.

கணக்கு வாத்தியார் துளசிராமனுக்குச் சுருக்கென்றது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையைத் தாண்டியிருக்கும் அவருடைய பள்ளிக்குக் காலையில் ஒரே ஒரு பஸ். கம்பெனி ஆட்கள் ஏறியது போக மிச்சமிருக்கும் இடத்தில்தான் பிள்ளைகள். போன வாரம் பத்தாம் வகுப்பு பூமிகா படிக்கட்டிலிருந்து விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். இன்னொரு பஸ் விடுங்கள் என்றால் சர்வே வேண்டுமாம். முப்பது பேரைக் கேட்டு, முப்பது பேரும் கஷ்டம் என்று எழுதிக் கொடுத்ததை நீட்டினால் அது செல்லாதாம்.

அநியாயம்தான். ஆனால் இதே சர்வேயை ஒரு மாணவன் செய்து வந்திருந்தால் துளசிராமனே மார்க்கைக் குறைத்திருப்பார். அதுதான் அவரை இன்னும் எரிச்சலாக்கியது.

அடுத்த நாள் மதியம் வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஐந்தாவது பெயராக நாற்பது பேரைக் கேட்டார். நடந்து வருகிறவர்கள், சைக்கிளில் வருகிறவர்கள் எல்லாரும் அதில் வந்தார்கள். கஷ்டம் என்றவர்கள் பதினெட்டுப் பேர்.

"பாதிகூட இல்லியே," என்றார் தணிகாசலம். "அது சரி, அஞ்சாவது பேருன்னு யாரு முடிவு பண்ணது? நீங்கதான? ஆறாவத எடுத்திருந்தா?"

இருபது வருஷமாகப் புள்ளியியல் நடத்துகிற மனுஷனுக்கு இந்த ஆள் பாடம் எடுக்கிறார். துளசிராமனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"சீட்டுக் குலுக்கி எடுக்கறேன் சார். யார் பேரு வந்தாலும், இன்னா பதில் வந்தாலும் அப்படியே கையெழுத்துப் போட்டு அனுப்பறேன். அதுக்கப்புறம் நீங்க ஒரு வார்த்த பேசக்கூடாது."

சரி என்றார் அதிகாரி. மறுநாள் காலை பத்து மணிக்கு மீட்டிங், அதற்குள் வர வேண்டும், அதுதான் கடைசி என்றும் சொன்னார்.

மறுநாள் முதல் மணி அடித்ததுமே துளசிராமன் வேலையை ஆரம்பித்துவிட்டார். இருநூறு பெயர்களும் சீட்டாகி ஒரு பிளாஸ்டிக் குடத்துக்குள் கிடந்தன. கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, மைக்கில் பெயரைக் கூப்பிட்டார். ஆள் வராவிட்டால் அடுத்த சீட்டு. யாருக்காகவும் காத்திருக்கவில்லை, யாரையும் தேடிப் போகவில்லை. பூமிகாவின் பெயர்கூட வந்தது. அவள் வரவில்லை. முட்டி இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது, பாவம் என்று அடுத்த சீட்டை எடுத்தார்.

நாற்பது பேரைக் கேட்டு முடித்தார். நாற்பது பேரும் கஷ்டம் இல்லை என்றார்கள்.

துளசிராமன் குடத்தைத் தள்ளி வைத்தார். இந்த நன்றிகெட்ட பிள்ளைகளுக்காகவா மூன்று நாளாக அலைந்தோம்? ஆனால் கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டு, ஒன்பது ஐம்பதுக்கு வாட்ஸப்பில் அனுப்பினார்.

பத்தே நிமிஷத்தில் பதில் வந்தது. மிக நேர்மையான சர்வே, கூடுதல் பஸ் தேவையில்லை என்று முடிவு செய்யப்பட்டது, ஒத்துழைப்புக்கு நன்றி.

அவர் போனையே முறைத்துக்கொண்டிருந்தபோது வாட்ச்மேன் பச்சையப்பன் வந்து நின்றார்.

"சார், கேட்டத் தொறந்து வுடட்டுமா? பஸ்ஸு இப்பதான் வந்துது, தொண்ணூறு பசங்க வெளிய நின்னுக்கினு கீதுங்க."