நிச்சயதார்த்தத்தில் ஒரு பிராசஸர் பந்தயம்

இரண்டு கம்பெனிகள் ஒரே பத்திரிகையின் அடுத்தடுத்த பக்கங்களில் "எங்கள் பிராசஸர்தான் வேகம்" என்று விளம்பரம் செய்தால், ஒன்று பொய் என்று நினைப்பவர்கள் நல்லவர்கள். நான் இரண்டுமே பொய் என்று நினைப்பவன். இந்தக் குணத்தால் என் மகளின் கல்யாணமே நிற்க இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. மாநில அரசில் புள்ளிவிவர வேலையிலிருந்து ஓய்வு பெற்று பெங்களூர் அல்சூரில் இருந்தேன். (எண்ண ஃபைல் இல்லாமல் வீட்டு இட்லிகளை எண்ணுகிறேன் என்று மனைவி புகார் சொன்ன காலம்.) மகள் மாலதிக்கும் பாஸ்கருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில் நிச்சயதார்த்தம். பாஸ்கரின் அப்பா ஏகாம்பரம் எஸ்.பி. ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். ஒரே கம்பெனியின் பிராசஸரைத்தான் விற்பார். என் வீட்டு மெஷினில் இருந்ததோ போட்டிக் கம்பெனியுடையது.

கேசரியை முடித்துவிட்டு அவர்தான் ஆரம்பித்தார். "சம்பந்தி, உங்களுது ஆமை. நம்மளுது ஒன்றரை மடங்கு ஸ்பீடு. நோட்டீஸ்லயே போட்டிருக்கான்."

"நோட்டீஸ அடிச்சது யாரு?"

"கம்பெனிதான்."

"அப்ப பையனே தன் பேப்பரத் திருத்திக்கிட்ட மாதிரி."

"சும்னே பேசாதீங்க சம்பந்தி. வெச்சே பாத்துடலாம்." (சூடானால் அவருக்குச் 'சும்மா'கூடக் கன்னடத்தில்தான் வரும்.)

டெலிவரிக்காக அவர் வேனில் இருந்த மெஷின் கூடத்துக்கு வந்தது. தாம்பூலத் தட்டுகளை நகர்த்தி இரண்டையும் பக்கத்தில் வைத்தோம். இரண்டிலும் பொதுவாக இருந்தது ஜாதகப் பொருத்தம் பார்க்கும் மென்பொருள்தான். கையில் இருந்த ஜாதகங்கள் மாலதியுடையதும் பாஸ்கருடையதும். ஜோசியர் ஏற்கெனவே பத்துக்கு எட்டு என்று சொல்லியிருந்ததால் எனக்குப் பயமில்லை. ஸ்டாப்வாட்சை அமுக்கினேன்.

அவர் மெஷின் எட்டு என்றது. என்னுடையது நாலு என்றது. கூடவே, கணவன் ஆயுளுக்கான ரஜ்ஜுப் பொருத்தம் இல்லை என்று சிவப்பு எழுத்தில் காட்டியது.

பாஸ்கரின் அத்தை நிச்சயத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

என் மெஷினைத் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கு மாற்றி வைத்திருந்தேன் (துல்லியமாம்). ஏகாம்பரத்துடையது, ஜோசியரைப் போலவே, வாக்கியப் பஞ்சாங்கம். மாலதி நட்சத்திரம் மாறும் நேரத்தில் பிறந்தவள். இரண்டு மெஷினும் அவளுக்கு ஆளுக்கொரு நட்சத்திரம் கொடுத்திருக்கின்றன. இதை நான் விளக்க விளக்க, தட்டு இன்னும் உள்ளே போனது.

"ரெண்டுல எதுங்க சரி?" என்றார் அத்தை.

"திருக்கணிதம்தான்" என்று சொல்லித் தொலைத்தேன்.

மனைவி என்னைப் பார்த்த பார்வையை விட்டுவிடுகிறேன். மாலதி எழுந்து நேராக ஏகாம்பரத்திடம் போனாள்.

"மாமா, ஒன்றரை மடங்கு ஸ்பீடுன்னு நோட்டீஸ்ல இருக்கே, நீங்க நம்புறீங்களா?"

கூடத்தில் அவருடைய வாடிக்கையாளர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் அவர்களைப் பார்த்தார். தலைகுனிந்திருந்த மகனைப் பார்த்தார்.

"இல்லம்மா. அவனவன் தனக்குத் தோதா ஒரு டெஸ்ட்ட வெச்சுக்கிட்டு, அவனே ஜெயிப்பான்."

"எங்கப்பா தனக்குத் தோதா ஒண்ண வெச்சுக்கிட்டு, அதுலயும் தோத்துட்டாரு. அவ்வளவுதான்."

ஏகாம்பரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா, தட்டக் குடு" என்றார்.

கல்யாணம் நடந்தது. எந்த பிராசஸர் வேகம் என்பது மட்டும் இன்றுவரை தெரியவில்லை. எது முதலில் முடித்தது என்று அந்தக் கலவரத்தில் நான் கவனிக்கவில்லை. ஆனால் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் சண்டை வரும்போதெல்லாம் பாஸ்கர் எனக்கு போன் செய்கிறார்.

"மாமா, உங்க மெஷின்ல எங்களுக்கு எத்தன பொருத்தம்னு சொல்லுச்சு?"

"நாலு, மாப்பிள்ளை."

பின்னாலிருந்து மாலதியின் குரல் வரும்: "அதுவே ஜாஸ்தின்னு சொல்லுங்கப்பா."