குளிக்க மட்டும்

இருந்தவர்கள்: நான், என் மனைவி, கீவேர்டு, ஆணியில் தொங்கிய பன்னிரண்டு அறைச் சாவிகள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் லாட்ஜ் அப்படித்தான் நடந்தது.

நேரில் பேசும் மனிதனை நம்பாதவன் திருச்சி ஜில்லாவிலேயே கீவேர்டு ஒருவன்தான். நாங்கள் வைத்த பட்டப்பெயர். உப்பிலியபுரத்துக்காரன். நாற்பது வயது. வெப்சைட் போட்டு ஆள் கொண்டுவருகிறேன் என்று வந்தான்.

“வாய் பொய் சொல்லும்ண்ணே. செல்போன்ல தேடுறப்ப ஒருத்தனும் பொய் சொல்ல மாட்டான். எதை நிறைய பேரு தேடுறாங்களோ அதான் கீவேர்டு. அதை நம்ம வெப்சைட்ல எழுதினா கூட்டம் வரும்.”

“ஆடி பொறக்கறதுக்குள்ள வரணும்,” என்றாள் மனைவி. “இல்லேன்னா இதைப் பூட்டிட்டு மணப்பாறையில அண்ணன் கடைக்கு முறுக்கு சுத்தப் போக வேண்டியதுதான்.”

முதலில் ‘கோயில் நடை எப்போது திறக்கும்’ என்று எழுதினான். விடிந்ததிலிருந்து போன்.

“நடை திறந்திருக்குங்க. ரூமும் திறந்துதான் இருக்கு,” என்பாள் மனைவி. வைத்துவிடுவார்கள்.

அடுத்து ‘செருப்பு எங்கே விடலாம்’. மறுநாள் வாசலில் செருப்புக் குவியல். உள்ளே ஆள் இல்லை.

“வெப்சைட்டுக்கு ட்ராஃபிக் ஏறிருச்சு, பாத்தீங்களா அண்ணி!”

“ஏறிருச்சு தம்பி. ஒத்தக் காலாவது மாடி ஏறிச்சா?”

ஆடிக்கு நான்கு நாள் இருக்கையில் லேப்டாப்போடு ஓடிவந்தான்.

“கண்டுபிடிச்சிட்டேண்ணே! ‘குளிக்க மட்டும் ரூம்’. அதைத்தான் தேடுறாங்க.”

“தினம் பத்து பேரு வாசல்ல நின்னு அதைத்தான்யா கேக்குறாங்க. உன்கிட்ட சொன்னேனே.”

“சொன்னா எப்படிண்ணே தெரியும்? டைப் அடிச்சிருக்கணும்.”

அந்தப் பத்து பேரையும், நாள் வாடகை கொடுத்தால்தான் குளியல் என்று விரட்டியவன் நான். எழுதச் சொன்னேன்.

எழுதினான். பையும் துண்டுமாக வந்தார்கள். குளித்தார்கள், சேவிக்கப் போனார்கள். பாத்ரூம் வாசலில் வரிசை நின்றது. ஆடி பிறந்தது. பூட்டவில்லை.

பிறகு பெங்களூரில் வேலை என்று கிளம்பினான். பஸ் ஏற்றிவிட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. சொன்னாலும் நம்பியிருக்க மாட்டான்.

எங்கள் வெப்சைட்டில் தேடும் பெட்டி ஒன்று வைத்திருந்தான். எதை எத்தனை முறை தேடினார்கள் என்ற கணக்கு மாதாமாதம் எனக்கும் வரும், அவனுக்கும் போகும். எனக்கு ஒரு விரல்தான் ஓடும். கடை காபி குடித்துவிட்டு வந்து அந்தப் பெட்டியில் அடிப்பேன். ‘கீவேர்டு எப்ப வருவ’.

இந்த மாதம் இருபத்தாறு முறை.