சரக்கு லிஃப்டைப் பார்த்துப் பங்கு வாங்கியவன்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும், என் மனைவியும், அவளுடைய முழங்கால் வலியும் நலம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாகவும், தங்கள் இரத்த அழுத்தம் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டும் இருக்க வேண்டுகிறேன். மகளும் மாப்பிள்ளையும் சென்ற ஞாயிறு வந்து சாப்பிட்டுப் போனார்கள். தங்களைப் பற்றி நல்லவிதமாகவே பேசினோம்.

நேற்று முன்தினம் காலை தாங்கள் தொலைபேசியில் அழைத்தீர்கள். வழக்கமான கம்பீரக் குரலில் இரண்டு நிமிடம் மழையைப் பற்றிப் பேசிவிட்டு, சம்பந்தியம்மா பக்கத்து அறைக்குப் போகிற சத்தம் கேட்டதும் குரலைத் தாழ்த்தி, "அந்தக் கெல்வோரா பங்கு... இப்ப வாங்கலாமா?" என்று கேட்டீர்கள். நான் "என்ன கேட்டீங்க?" என்றேன். எனக்குக் காது நன்றாகவே கேட்டது. இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். முப்பத்தொரு வருடம் வங்கி மேலாளராக இருந்தவர், வைப்புநிதியைத் தவிர வேறு எதன் மேலும் சாய்ந்து உட்காராதவர், ஓய்வுபெற்ற ஒரு லிஃப்ட் மெக்கானிக்கிடம் பங்கு வாங்க யோசனை கேட்பதென்றால் அதை ஒரே தடவையில் கேட்டு முடித்துவிட யாருக்கு மனது வரும்? தாங்களும் மறுபடி கேட்டீர்கள். அதற்குள் சம்பந்தியம்மா திரும்பி வந்துவிட்டார்கள் போலிருக்கிறது, "ஆமா ஆமா, நல்ல மழைதான்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். இங்கே மூன்று வாரமாக மழையே இல்லை. ஆகவே பதிலைக் கடிதமாக எழுதுகிறேன். கடிதமென்றால் எடுத்து வைக்கலாம், வேண்டிய நாலு பேருக்குக் காட்டவும் செய்யலாம்.

நான் இந்தப் பங்கை எப்படி வாங்கினேன் என்று தாங்கள் கேட்டதே இல்லை. இரண்டு குடும்பமும் முதன்முதலாகச் சந்தித்த அன்று நானே சொல்ல ஆரம்பித்தேன். "பங்கா? அது வெறும் காகிதங்க" என்று சொல்லிவிட்டுத் தாங்கள் தண்ணீர் கேட்டீர்கள். தண்ணீர் கொண்டுவர உள்ளே போன நான் அந்தப் பேச்சைத் திரும்ப எடுக்கவில்லை. இப்போது சொல்கிறேன். பதினோரு வருடத்துக்கு முன்னால், ஒரு ஒன்பது மாடி அலுவலகக் கட்டடத்தின் லிஃப்டுகள் என் பொறுப்பில் இருந்தன. ஆட்கள் போக இரண்டு, சரக்குப் போக ஒன்று. ஆள் போகும் லிஃப்ட் பொய் சொல்லும், சம்பந்தி. நொடித்துப்போகிற கம்பெனியில்தான் ஆட்கள் மேலும் கீழும் அதிகமாக அலைவார்கள். சரக்கு லிஃப்ட் அப்படியில்லை, அது அரிச்சந்திரன். அந்தச் சரக்கு லிஃப்டின் பிரேக் கட்டை இரண்டு வருடம் உழைக்க வேண்டியது, ஐந்தே மாதத்தில் தேய்ந்து கையோடு வந்தது. மாற்றினேன். அதுவும் ஐந்து மாதம். எந்த மாடிக்கு இவ்வளவு பாரம் ஏறுகிறது என்று பார்த்தால், ஆறாம் மாடிக்கு. அட்டைப்பெட்டி மேல் அட்டைப்பெட்டியாகப் போய்க்கொண்டே இருக்கிறது. வாசலில் இருந்த காவலாளியிடம், "ஆறாவது மாடியில யாருங்க?" என்று கேட்டேன். "கெல்வோரான்னு ஒரு கம்பெனி. கம்ப்யூட்டர் சம்பந்தமா ஏதோ பண்றாங்க. பெட்டி இறக்கி இறக்கி எங்களுக்கு இடுப்பே போச்சு" என்றார். சர்வீஸ் ரசீதின் பின்பக்கத்தில் பெயரை எழுதிக்கொண்டேன். அன்று சாயங்காலமே பங்குத் தரகர் கடைக்குப் போய், புது ஸ்கூட்டருக்காகச் சேர்த்து வைத்திருந்த ஓவர்டைம் பணம் முழுவதையும் மேசை மேல் வைத்து, ரசீதை நீட்டி, "இந்தக் கம்பெனி, வர்ற அளவுக்கு" என்றேன்.

வீட்டுக்கு வந்தால் மனைவி வாசலில் நிற்கிறாள், ஸ்கூட்டரைப் பார்க்க. நான் ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினேன். அதற்குப் பிறகு நடந்ததைத் தங்களைப் போன்ற பெரியவருக்கு எழுதுவது முறையல்ல. நாலு வருடம் சைக்கிளில் வேலைக்குப் போனேன். இரண்டாம் வருடம் பங்கு பாதியாக இறங்கியது. "என்னங்க, உங்க சரக்கு லிஃப்டு கீழ மட்டுந்தான் போகுமா?" என்று அவள் காலைக் காபியோடு கேட்பாள். நான் காபியைக் குடித்துவிட்டுச் சைக்கிளை எடுப்பேன். பிரேக் கட்டையைக் கண்ணால் பார்த்தவனுக்குப் பதில் எதற்கு?

சென்ற மாதம் அந்த நாள் வந்தது. நான் சலூனில் நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறேன், சலூன்காரர் என் மீசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறார், சுவரில் தொலைக்காட்சி. செய்தி வாசிக்கிற பெண், "கெல்வோரா பங்கு வரலாறு காணாத உச்சம்" என்றாள். நான் எழுந்துவிட்டேன். நான் எழுந்தேன், கத்தி எழவில்லை, இடதுபக்க மீசை போயே போய்விட்டது. "ஐயோ சார், அசையாதீங்கன்னு சொன்னேனே!" என்று சலூன்காரர் அலறினார். "நான் எங்கப்பா அசைஞ்சேன், சந்தைதான் அசைஞ்சுது!" என்றேன். அவர் தொலைக்காட்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படியே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். போன வருடம் அவரும் பத்துப் பங்கு வாங்கி, கொஞ்சம் ஏறியதும் விற்று, கடைக்கு ஒரு மின்விசிறி வாங்கினாராம். தலைக்கு மேலே சுற்றுகிற அந்த மின்விசிறியையே பார்த்துக்கொண்டு, "இது இன்னிக்கு என்ன விலை ஆகுது தெரியுமா சார்?" என்றார் பரிதாபமாக. அவரைத் தேற்றி, மீதிப் பாதி மீசையையும் எடுக்கச் சொல்லி, தெருவில் நிமிர்ந்து நடந்து வந்தேன். மகள் அனுப்பிய புகைப்படத்தைப் பார்த்துத் தாங்கள் விசாரித்ததற்கு விளக்கம் இதுதான், உடம்புக்கு ஒன்றும் இல்லை.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பதினாலு வருடமாக எனக்கு 'லிஃப்ட்காரர்' என்றுதான் பெயர். அன்று சாயங்காலம் 'சார்' ஆகிவிட்டேன். கீழ்த்தளத்துப் பல் டாக்டர்தான் முதலில் வந்தார். அவரிடமும் கெல்வோரா இருந்திருக்கிறது, உச்சத்துக்குச் சரியாக இரண்டு நாள் முன்னால் விற்றுத் தொலைத்திருக்கிறார். அது முதல் வருகிற நோயாளிகளிடமெல்லாம், "வித்தது தப்புங்களா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாராம். வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறவரிடம் கேட்டால் என்ன பதில் வரும்? "ஆ" என்கிறார்கள், இவர் அதை "ஆமாம்" என்று எடுத்துக்கொண்டு இன்னும் நொந்துபோகிறார். அவர் பின்னாலேயே மூன்றாம் மாடிக் கணக்கு டீச்சர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராக வந்து, வண்டி நிறுத்துமிடத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டு, "அடுத்து எதை வாங்கறது, சொல்லுங்க சார்" என்றார்கள். சம்பந்தி, நான் ஒளிக்கவில்லை. சரக்கு லிஃப்ட் சித்தாந்தத்தை முழுவதுமாக எடுத்துரைத்தேன். பிரேக் கட்டை தேய்வது, கம்பி வடம் முறுக்குவது, கதவு இழுக்கிற சத்தம் எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார்கள்.

அங்கேதான் வம்பு. அடுத்த வியாழக்கிழமை காலை என் தொலைபேசி அடித்தது. ஒரு பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடத்தின் பாதுகாப்பு அதிகாரி பேசினார். "உங்களுக்கு ஒரு கணக்கு டீச்சரைத் தெரியுங்களா? காலையிலேருந்து எங்க சரக்கு லிஃப்ட்ல ஒன்பது தடவை ஏறி இறங்கியிருக்காங்க. என்னன்னு கேட்டா எங்க சார் சொல்லியிருக்காருங்கறாங்க. இப்ப லிஃப்ட் ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவுல நின்னு போச்சு. நீங்கதானே அந்த சார்?" நானேதான். அங்கே லிஃப்ட் பார்க்கிற கம்பெனி ஆட்கள் வர இரண்டு மணி நேரமாகுமாம். என் பழைய கருவிப் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். எட்டாவது மாடியில் கதவு இடுக்கில் வாயை வைத்து, "டீச்சர், பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்" என்றேன். உள்ளேயிருந்து, "பயமெல்லாம் இல்ல சார். ஒரே ஒரு சந்தேகம். லிஃப்ட் இப்படி நின்னுட்டா, இந்தக் கம்பெனிப் பங்கை வாங்கலாமா, விக்கலாமா?" என்று கேட்டார்கள். பக்கத்தில் நின்ற அதிகாரி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஆனால் ஒன்று. வேலையை விட்டு நாலு வருடமாகிறது, அறுபத்திரண்டு வயது, பதினோரு நிமிடத்தில் கதவைத் திறந்து டீச்சரை மேலே தூக்கிவிட்டேன். அதிகாரியே "பரவால்லீங்களே" என்றார்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மகளும் மாப்பிள்ளையும் பிசியோதெரபி மையம் ஒன்று சொந்தமாகத் தொடங்க இடம் பார்த்தபோது, தாங்கள் எல்லார் முன்னிலையிலும், "முழுசா நானே போட்டுடறேன். சம்பந்தியைச் சிரமப்படுத்த வேண்டாம், அவர் நிலைமை நமக்குத் தெரியாதா?" என்றீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். கெட்ட மனதோடு சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், மறந்தும் போயிருக்கும். மகள் அப்போது என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவே விற்பதென்று முடிவு செய்தேன். முடிவு செய்தேனே தவிர, விற்க முடியவில்லை. மூன்று நாள் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டை விரலைத் தூக்குவதும் இறக்குவதுமாக உட்கார்ந்திருந்தேன். நாளைக்கு இன்னும் ஏறினால்? எல்லாவற்றையும்விட, விற்றுவிட்டால் நான் மறுபடி 'லிஃப்ட்காரர்' ஆகிவிடுவேனே! மூன்றாம் நாள் மனைவி முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "கீழ இருந்தப்ப விக்க மனசு வரலன்னீங்க. இப்ப உச்சத்துல இருக்கு, இப்பவும் வரலங்கறீங்க. லிஃப்ட் மேல போயிடுச்சுன்னா கதவைத் திறந்து இறங்கத்தானே வேணும்? உள்ளயே குடித்தனமா பண்ணுவீங்க?" நாற்பது வருடம் லிஃப்ட் பார்த்தவனுக்கு இதைவிடப் புரியும்படி யார் சொல்ல முடியும்? பாதியை விற்றேன். மறுநாளே இன்னும் ஏறிவிட்டது. அன்று நான் சாப்பிடவில்லை. அவள் என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

இந்தக் கடிதம் கைக்கு வரும்போது மாப்பிள்ளை தங்களிடம் சொல்லியிருப்பார். மையத்துக்கான செலவில் பாதி தங்களுடையது, பாதி என்னுடையது. ஒப்பந்தத்தில் இரண்டு தகப்பன்மாரின் கையெழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மகள் அதைப் படித்துவிட்டு என்னைப் புது மையத்துக்குக் கூட்டிப் போனாள். பெயின்ட் வாசனைகூடப் போகாத அந்த அறையில், இன்னும் விரிப்புப் போடாத கட்டிலைக் காட்டி, "அப்பா, கொஞ்சம் குப்புறப் படுங்க" என்றாள். வலது தோளுக்குக் கீழே விரல் வைத்தவள், "இந்த முடிச்சு எத்தனை வருஷமா இருக்கு?" என்றாள். "சர்வீஸ்ல சேர்ந்ததுலேருந்து" என்றேன். "ஏன் சொல்லல?" என்று கேட்டுக்கொண்டே அழுத்தினாள். நல்ல வலி. கண்ணில் தண்ணீர் வந்தது. வலியால்தான்.

ஆகவே, தாங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: பங்கு வாங்கப் பணம் முக்கியமில்லை, படிப்பும் முக்கியமில்லை. கண் வேண்டும். எல்லாரும் மேலே பார்க்கிறபோது எவன் பிரேக் கட்டையைக் குனிந்து பார்க்கிறானோ அவனுக்குத்தான் சந்தை வசப்படும். அந்தக் கண் எனக்கு இருக்கிறது என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். தாங்கள் தைரியமாக வாங்கலாம். சந்தேகம் வந்தால் எந்நேரமும் என்னைக் கேட்கலாம்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் அன்பான விசாரிப்புகள். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசிகள், அவர்கள் மையத்துக்கு ஊரில் உள்ள முதுகுவலியெல்லாம் வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
கெல்வோரா பங்குதாரர்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். ஒட்டிய பிறகு மகள் வந்தாள். வரிக் கணக்குக்கு நான் பங்கு வாங்கிய பழைய காகிதங்கள் வேண்டுமென்று பெட்டியைக் குடைந்தவள், அந்தச் சர்வீஸ் ரசீது உட்பட எல்லாவற்றையும் படித்துவிட்டு, "அப்பா, கெல்வோராவுக்கு இந்த ஊர்ல ஆபீஸே கிடையாது, எப்பவும் இருந்ததில்ல" என்றாள். நான் சிரித்தேன். அவள் விடாமல் தொலைபேசியில் தேடினாள். அந்த ஆறாம் மாடியில் இருந்தது கெல்வாரா. கம்ப்யூட்டருக்கு விளக்கு எரிகிற கீபோர்டு செய்த கம்பெனி. மூடி ஏழு வருடமாகிறது. சரக்கு லிஃப்டில் ஏறிய பெட்டிகளெல்லாம் விற்காமல் கடைகளிலிருந்து திரும்பி வந்தவை. காவலாளி சரியாகத்தான் சொல்லியிருப்பார், ரசீதில் எழுதும்போது நான் ஒரு கொம்பைக் கூடுதலாகப் போட்டுவிட்டேன். தரகர் அதை அப்படியே வாங்கிக் கொடுத்துவிட்டார். மனைவி சிரித்த சிரிப்பில் முழங்கால் வலியே போய்விட்டதாம். "ஒரு மாசமா உங்களுக்கு முளைச்சிருந்தது இந்தக் கொம்புதானா?" என்கிறாள். கடிதத்தைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன், இத்தனை பக்கம் எழுதிய கை கேட்கவில்லை. மேலே சொன்ன யோசனைகளைத் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். மீதிப் பங்கை நான் விற்கவும் போவதில்லை, ஏன் வாங்கினேன் என்றே தெரியாத ஒன்றை எப்போது விற்பது என்று எனக்கெப்படித் தெரியும்? ஆனால் ஒன்று, சம்பந்தி. தப்பாக எழுதுகிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். இவ்வளவு சரியாகத் தப்பு செய்தவன் நம் இரண்டு குடும்பத்திலும் நான் ஒருவன்தான்.