ஒரத்தநாட்டுக் கடைத்தெருவில் ஒரு கிரிட்

வீட்டில் முதன்முதலாகப் படித்தவனுக்கு இரண்டு வியாதிகள் வரும். ஒன்று, தெரிந்ததையெல்லாம் எதிரில் வருகிறவருக்கு விளக்குவது. இன்னொன்று, விளக்கி முடித்ததாலேயே காரியம் நடந்துவிட்டதாக நம்புவது.

எம்.சி.ஏ. முடித்தபோது எனக்கு இரண்டுமே முற்றியிருந்தன. அப்பா கதிர் அறுக்கும் மிஷின் ஓட்டுகிறவர். எங்கள் வகையறாவில் கல்லூரிப் படி ஏறியது நான் ஒருவன்தான் என்பதால், மிக்ஸி ஓடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். (தெரியாது என்று சொல்லிப் பாருங்கள். "அப்ப என்னத்ததான்டா படிச்ச?")

கல்லூரியில் கடைசி வருஷ புராஜெக்ட்டுக்கு நான் எடுத்த தலைப்பு கிரிட் கம்ப்யூட்டிங். ஒரு வேலைக்காகப் பெரிய கணினி வாங்குவதற்குப் பதில், அங்கங்கே சும்மா கிடக்கும் சாதாரணக் கணினிகளை ஒன்றாகக் கோத்து, வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்து, முடிந்த துண்டுகளை வாங்கி ஒட்டிக்கொள்வது. அவ்வளவுதான் விஷயம். சிறு வணிகர்கள் இதை ஏற்றுக்கொண்டால் எதிர்காலம் பிரகாசம் என்று கடைசி அத்தியாயத்தில் உருக்கமாக எழுதியிருந்தேன். சிறு வணிகர் ஒருவரிடமும் அதுவரை நான் பேசியதில்லை.

வேலை கிடைத்தது ஒரத்தநாட்டில், பாஸ்கர் அண்ணன் ஸ்டுடியோவில். கல்யாண வீடியோக்களை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து, முகத்துக்குக் கீழே பெயர் போடும் வேலை. எல்லாம் முடிந்தபின் கணினி அதை முழுப்படமாகச் சமைத்து எடுக்க வேண்டும். ரெண்டரிங் என்போம். ஸ்டுடியோவில் இருந்த ஒற்றைக் கணினிக்கு ஒரு கல்யாணத்தைச் சமைக்க இரண்டு நாள் ஆகும். அதன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேன் வைத்திருப்போம். எங்களுக்கு ஃபேன் கிடையாது.

இந்த நிலையில் என் அக்கா கலைச்செல்விக்குக் கல்யாணம் நடந்தது. வீடியோ எங்கள் ஸ்டுடியோதான். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, ஒன்றைத் தவிர. மாப்பிள்ளைக்கு அவருடைய தாய்மாமன் மாலை போட்ட நேரத்தில் மைக்கில் யாரும் அவர் பெயரைச் சொல்லவில்லை. கோவிந்தராசுப் பெரியப்பா என்று நான் கூப்பிட வேண்டிய அந்த மனிதர், பந்தியில் கை நனைக்காமல் காரில் ஏறி மயிலாடுதுறைக்குப் போய்விட்டார். அக்காவின் மாமியார், அதாவது அவருடைய கூடப்பிறந்த தங்கை, அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

மாப்பிள்ளை, அதாவது என் மச்சான், திங்கட்கிழமை சிங்கப்பூர் கிளம்புகிறார். அதற்குள் சமாதானம் ஆகாவிட்டால், அடுத்து அவர் வரும்வரை அந்த வீட்டில் இந்த வருத்தம்தான் குடியிருக்கும், அதற்குக் காபி போட்டுக் கொடுக்க வேண்டியவள் என் அக்கா. ஞாயிற்றுக்கிழமை கறிவிருந்து வைத்து, வீடியோவையும் போட்டுக் காட்டுவதாகச் சொல்லி அழைத்தார்கள். "வர்றேன். வீடியோவப் பாத்துட்டு சாப்புடறதா வேணாமான்னு சொல்றேன்" என்றாராம் பெரியப்பா.

அக்காவின் மாமியாரான அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, மைக்குலதான் விட்டுப்போச்சு. டிவியிலயாவது எங்கண்ணனுக்குத் தாய்மாமன்னு பெருசா எழுத்து வரணும்ப்பா."

"திரை அகலத்துக்குப் போட்டுடலாம் அத்தை. தங்கக் கலர்ல."

போட்டும்விட்டேன். சமைப்பதுதான் பாக்கி. வியாழக்கிழமை ஸ்டுடியோ கணினி பாதி சமையலில் மூர்ச்சையானது. எழுப்பினேன், மறுபடியும் சாய்ந்தது. பாஸ்கர் அண்ணன் முகூர்த்தம் எடுக்க மன்னார்குடி பக்கம் போயிருந்தார். என் கடைசி அத்தியாயத்துக்கு வேளை வந்துவிட்டது என்று எனக்கு மட்டும் தோன்றியது.

முதலில் பக்கத்து உரக்கடை ராஜமாணிக்கம் அண்ணனிடம் போய் கிரிட் என்று ஆரம்பித்தேன்.

"அது கரண்ட் ஆபீஸ் சமாசாரம்ல? மாடியில சோலார் போட்டா கிரிட்டுக்குக் குடுக்கலாம்னாங்க. நீ எப்ப அதுல சேந்த?"

"அது வேற கிரிட்டுண்ணே. உங்க கம்ப்யூட்டர் சும்மா இருக்கறப்ப எங்க வேலையப் பாக்கும். எங்களது சும்மா இருக்கறப்ப உங்க வேலையப் பாக்கும்."

"எனக்கு என்னடா வேலை இருக்கு? யூரியாவுக்கு பில்லு போடணும். அதுக்கு ஊருல உள்ள கம்ப்யூட்டரெல்லாம் வரணுமா?"

(வணிகத்தில் கிரிட் பரவாததற்கான காரணங்கள் என்று நான் பக்கம் பக்கமாக எழுதியவற்றில் இது இல்லை.)

அரைமணி நேரம் விளக்கினேன். கடைசியில் அவரே, "சுருக்கமா சொல்லு. என் வயல்ல நடவுன்னா உன் வீட்டு ஆளு வரும், உன் வயல்ல நடவுன்னா என் வீட்டு ஆளு வரும். அதான?" என்றார். அதேதான். "இத மொதல்லயே சொல்லியிருந்தா ஒரு டீ மிச்சம். உங்கக்கா கல்யாணம்ங்கற. போட்டுக்க."

அதற்கடுத்த கடை ஜமீலா அக்காவுடையது. கூத்தாநல்லூரிலிருந்து வந்து ஜெராக்ஸும் ஆன்லைன் மனுக்களும் பார்க்கிறவர். "வேலை நேரத்துல என் மிஷினு மெதுவாவக் கூடாது. ஆச்சுன்னா புடுங்கிருவேன்" என்று ஒரே நிபந்தனை. கேபிளை உரமூட்டைகளுக்குப் பின்னால் விட்டு, டீக்கடைத் தகரத்தின்மேல் ஏற்றி, ஜெராக்ஸ் கடை ஜன்னலில் இறக்கினேன். ஓர் இலவச மென்பொருளைப் போட்டு, கல்யாணத்தைத் துண்டுகளாக்கி, ஸ்டுடியோ கணினிக்கு அது தாங்குகிற அளவு மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சத்தை அனுப்பினேன். வெள்ளிக்கிழமை காலையில் மூன்று கடைகளும் சேர்ந்து என் அக்காவுக்குத் தாலி கட்டத் தொடங்கின. அந்தப் பெருமை மதியம் வரை இருந்தது.

மதியம் உரக்கடைத் துண்டுகள் காணாமல் போயின. ஓடிப்போய்ப் பார்த்தால் கடை பூட்டியிருக்கிறது. அண்ணன் சாப்பிட்டுவிட்டு ஏப்பத்தோடு வந்தார்.

"கம்ப்யூட்டர அணைச்சிட்டீங்களாண்ணே?"

"நான் எங்கடா அணைச்சேன். மெயினத்தான் எறக்கிட்டுப் போனேன்."

"சும்மா இருக்கற நேரத்துலதாண்ணே அது வேலை பாக்கணும்."

"கடையப் பூட்டுனா மெயின எறக்கறது எங்கப்பா காலத்துப் பழக்கம். இது உரக்கடை. பத்திக்கிச்சின்னா உன் கிரிட்டு வந்து அணைக்குமா?"

கணினிகள் சும்மா இருக்கும் நேரம் என்று நான் படித்ததெல்லாம் மெயினை இறக்காத தேசங்களில் எழுதப்பட்டது. எரிச்சலோடு திரும்பினால் ஜமீலா அக்கா வாசலிலிருந்து கத்துகிறார். பயிர்க் காப்பீட்டுக்கு அன்றுதான் கடைசி நாளாம். சிட்டா அடங்கலோடு தெரு முனை வரை வரிசை.

"தம்பி, உங்கக்கா கல்யாணத்த ஒடனே நிறுத்து."

வரிசை மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து, "என்னப்பா, மாப்பிள்ளை சரியில்லையா?" என்று அக்கறையாகக் கேட்டார். அவருக்கும் கிரிட்டை விளக்கினேன். (வியாதி என்று சொன்னேன் அல்லவா.)

எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி, சனிக்கிழமை முழுவதும் ராஜமாணிக்கம் அண்ணனுக்குக் கடையிலேயே சாப்பாடு வாங்கிக் கொடுத்து உட்கார வைத்ததில், ஞாயிறு காலை எல்லாத் துண்டுகளும் வந்து சேர்ந்தன. ஒட்டினேன். ஆரம்பத்தை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். பிள்ளையார், நாதஸ்வரம், மணமக்கள் பெயர், எல்லாம் பளிச்சென்று இருந்தன. மிச்சத்தைப் பார்க்க நேரமில்லை. பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பைக்கை விரட்டினேன்.

மச்சான் வீட்டுக் கூடத்தில் டிவிக்கு எதிரே தனி நாற்காலியில் பெரியப்பா. பக்கத்தில் அத்தை. விருந்துக்கு வந்திருந்த என் அப்பா கதவோரம். சமையல்கட்டில் கறி கொதிக்கிறது. படம் ஓடியது. மாலை போடும் இடம் வந்ததும் அத்தை, "அண்ணே, இப்ப பாருங்க" என்றார். பெரியப்பா மாலையோடு திரையில் வந்தார். அவருக்குக் கீழே, திரை அகலத்துக்கு, தங்கக் கலரில், கொட்டை எழுத்தில் வந்தது:

jha;khkd;

எனக்கு மட்டும் என்ன நடந்தது என்று புரிந்துவிட்டது. பாஸ்கர் அண்ணன் அழகுக்காகப் பயன்படுத்துவது பழைய காலத்துத் தமிழ் எழுத்துரு. அந்த எழுத்துரு இருக்கும் கணினியில்தான் அது தமிழ். இல்லாத கணினியில், தட்டிய ஆங்கிலச் சாவிகள் அப்படியே வந்து நிற்கும். முதல் துண்டு ஸ்டுடியோவில் சமைத்தது. இந்தத் துண்டு ஜெராக்ஸ் கடையில் சமைத்தது. கிரிட்டில் சேரும் கணினிகள் எல்லாவற்றிலும் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று அடிக்கோடிட்டு எழுதியவனே நான்தான்.

"என்னம்மா எழுதியிருக்கு?" என்றார் பெரியப்பா, கல்லூரியில் படிக்கும் மச்சானின் தங்கையிடம்.

அவள் எழுத்துக்கூட்டினாள். "ஜா... க்... கட்... ஜாக்கெட்டுன்னு போட்டிருக்கு மாமா."

பெரியப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "மைக்குல பேரு சொல்லல. சரி. டிவியில ஜாக்கெட்டுங்கறீங்க."

"இல்ல பெரியப்பா, இது கிரிட் கம்ப்யூட்டிங். மூணு கடை கம்ப்யூட்டரயும் சேத்து..."

"என்னயத் திட்டறதுக்கு மூணு கடை சேந்துச்சா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார். என் அப்பா குறுக்கே போய்க் கைகூப்பினார். "அண்ணே, மனசுல வச்சுக்காதீங்க. பய படிச்சிட்டான்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பார்த்தால் அத்தை. முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்காமல், கண்ணில் தண்ணீர் வர, குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். "அண்ணே... ஜாக்கெட்டு..." என்பதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. கல்யாணத்தன்றுகூட சிரிக்காத தங்கை. பெரியப்பா வாசலுக்கும் தங்கைக்கும் நடுவில் நின்றார். அப்போது, 'தாய்' என்று நான் போட்டிருந்த இடத்தில், திரையில் அத்தை வந்தார்.

"அம்மாவுக்கு 'ஜா'ன்னு மட்டும் போட்டிருக்கு" என்றாள் அந்தப் பெண்.

"ஜாவோட அண்ணன் ஜாக்கெட்டு. சரியாத்தான போட்டிருக்கான்" என்றார் பெரியப்பா. அவர் மீசை ஆடியது. "உங்கப்பனுக்கு என்ன போட்டிருக்குன்னு பாத்துட்டுப் போறேன்." உட்கார்ந்தார். மச்சானின் அப்பாவுக்கு, 'தந்தை' என்று நான் போட்டிருந்தது, 'ஜெய்ஜ்' என்று வந்ததும் தொடையில் தட்டிச் சிரித்து, அதை இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். பிறகு இலை போடச் சொன்னார். மச்சான் நிம்மதியாக விமானம் ஏறினார்.

பாஸ்கர் அண்ணன் திரும்பி வந்து, பெரிய கணினியாக ஒன்று வாங்கிவிட்டார். கேபிளைக் கழற்ற நான் போவதற்குள் டீக்கடைக்காரர் அதில் துண்டு காயப்போட்டுவிட்டார். இவ்வளவுக்கும் பிறகு, கிரிட்டுக்கு எதிர்காலம் உண்டென்றுதான் நான் இன்றும் சொல்கிறேன். ஆனால் எங்கள் சொந்தத்தில் யாரும் என்னை முடிக்க விடுவதில்லை.

போன தை மாதம் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன் நான். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு பந்தலுக்கு வெளியே நின்றிருந்தேன். பத்தர் ஊசியோடு தயாராக உட்கார்ந்திருக்க, கோவிந்தராசுப் பெரியப்பா பந்தல் முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தார்.

"நேரம் ஆவுது. ஜாக்கெட்ட வரச் சொல்லுங்கப்பா."

பத்தர் குழந்தையைப் பார்த்தார். "இந்தக் கவுனே போதுங்களே" என்றார்.