சிவப்புச் சீட்டு அண்ணன்

கிள்ளான் பள்ளத்தாக்கில் ரிஜெக்ட் அண்ணனிடம் முதல் பார்வையிலேயே தேறிய பொருள் ஒன்றேனும் உண்டென்று எவரேனும் சொன்னால், அவர் அண்ணனை அறியாதவர். கிள்ளானில் நாங்கள் வேலைபார்த்த ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் தரச்சோதனை அறைக்கு அவர்தாம் அதிபதி. விதிகளை வகுத்தவரும் அவரே. தேறினால் பச்சைச் சீட்டும், தேறாவிட்டால் சிவப்புச் சீட்டும் ஒட்டுபவரும் அவரே.

அறைக்கு வெளியிலும் அவர் ஓய்ந்ததில்லை. பிரிக்பீல்ட்ஸ் உணவகமொன்றில், சட்டைப்பையிலிருந்த தடிப்புமானியை எடுத்துத் தோசையை மூன்று இடங்களில் அளந்தார்.

"நடுவுல தடிப்பு, ஓரத்துல மெலிசு. எந்த பேட்ச் மாவு, பாஸ்?"

"சாப்பிடுற பேட்ச் லா, அண்ணே," என்றார் கடைக்காரர்.

பத்துமலைக்குப் பால்குடம் எடுத்த ஆண்டு, குடத்தில் நீர் நிரப்பி, ஒழுகுகிறதா என்று இரண்டு நிமிடம் தொங்கவிட்டுப் பார்த்த பிறகே அதற்குப் பூச்சூட்ட இசைந்தார்.

மேற்பார்வையாளனாகி நான் உருவாக்கிய முதல் கையுறைத் தொகுதி அவரிடம் போயிற்று. தேறாவிட்டால் நான் பழையபடி பெட்டி கட்டப் போகவேண்டும் என்று மேலாளர் சொல்லியிருந்தார். வாசலில் லோரி உறுமிக்கொண்டிருந்தது. தொகுதியிலிருந்து நூற்றிருபத்தைந்து கையுறைகளை எடுத்து, நீர் நிரப்பித் தொங்கவிடுவார். ஐந்துவரை ஒழுகினால் மன்னிப்பு, ஆறு ஒழுகினால் தொகுதி முழுவதும் நிராகரிப்பு.

ஆறாவது ஒழுகியது.

"ரிஜெக்ட், தம்பி."

"ஒன்னே ஒன்னுதானே கூட? லோரி நிக்குது, அண்ணே."

"லோரி நிக்குதுன்னு தண்ணி நிக்குமா?"

சிவப்புச் சீட்டைக் கையில் எடுத்தவர், திடுமென நின்றார். ஆறு ஓட்டைகளும் ஒரே இடத்தில், கையுறையை அவர் பிடித்து மாட்டும் விளிம்பருகே இருந்தன. அவர் பார்வை தம் வலக்கைக்குத் திரும்பியது. முந்தைய வாரம் அறுபதாம் கல்யாணத்தில் மனைவி அணிவித்த நவரத்தின மோதிரம்! ஒரு கல்லின் பிடி பூனைநகமாய் நீண்டிருந்தது. சுவரிலோ, அவரே எழுதிய முதல் விதி: சோதிப்பவர் மோதிரம் அணியலாகாது.

அண்ணன் மோதிரத்தைக் கழற்றினார். சிவப்புச் சீட்டைத் தம் சட்டையிலேயே ஒட்டிக்கொண்டார். வேறு நூற்றிருபத்தைந்து கையுறைகளை எடுத்து, முதலிலிருந்து தொடங்கினார். இம்முறை ஒன்றுதான் ஒழுகியது. லோரி புறப்பட்டது.

"சீட்டை எடுத்துடுங்க, அண்ணே. கேன்டீன்ல சிரிக்கிறாங்க."

"எனக்கு இன்னும் மறுசோதனை ஆகலையே, தம்பி," என்று மாலைவரை அதனோடே உலவினார்.

ஓய்வுபெற்ற நாளில், அவர் சட்டையில் நான் பச்சைச் சீட்டை ஒட்டினேன். அண்ணன் புருவத்தைச் சுளித்தார்.

"எத்தனை சாம்பிள் பார்த்து ஒட்டுறே?"

"ஒன்னுதான், அண்ணே. ரெண்டாவது எங்கேயும் கிடைக்கல."