வெம்பக்கோட்டை முதலை

தீபாவளி சீசன் உச்சத்தில், பட்டாசுக் கம்பெனி வேன் பாதி காலியாக வந்து நின்றது. அணைக்கரை வழியாக வர மாட்டோம் என்று மீதிப் பேர் ஊரிலேயே நின்றுவிட்டார்களாம். அணையில் முதலை கிடக்கிறதாம்.

போர்மேன் அருள்பாண்டிக்குச் சிரிப்புதான் வந்தது. தண்ணீரில் மிதப்பது வெறும் கருவேலங்கட்டை என்று காட்டிவிட்டால் தீர்ந்தது. மதியமே போய்ப் போட்டோ எடுத்து, கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் போட்டார்.

"பாத்தீகளா, கட்டைதேன்" என்றான் லோடு ஏற்றும் சுடலை.

திரி வைக்கும் செல்லத்தாய் அதே போட்டோவை விரலால் பெரிதாக்கினாள். "இந்தா கண்ணு. இந்தா வாலு."

சாயங்காலத்துக்குள் குழு இரண்டாக உடைந்தது. இரண்டுக்கும் அருள்பாண்டியே அட்மின்.

மறுநாள் முதலைக் கட்சியும் கட்டைக் கட்சியும் ஒரே வாளியில் கை கழுவவில்லை. சக்கரம் சுற்றுகிறவர்கள் எல்லாம் கட்டை. திரி வைக்கிறவர்கள் எல்லாம் முதலை. ஒரு கட்சி செய்ததை மற்றக் கட்சி தொடாததால், திரியில்லாத தரைச்சக்கரம் மலையாகக் குவிந்தது. முதலாளி போனில் கத்தினார்.

அருள்பாண்டி மீன்வளத் துறை அதிகாரி ஒருவரைக் கெஞ்சிக் கூட்டிவந்தார். அவர் கரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, முதலை கிடையாது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"இல்லைன்னு சொல்லவே ஜீப்பு போட்டு ஆபீசரு வாராருன்னா, உள்ள என்னமோ இருக்கு அண்ணாச்சி" என்றாள் செல்லத்தாய். கட்டைக் கட்சியில் சிலர் மெல்ல அவள் பக்கம் நகர்ந்தார்கள்.

வேறு வழியில்லை. இரண்டு கட்சியும் கரையில் நிற்க, அருள்பாண்டி சட்டையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் குதித்தார். கட்டையைத் தொட்டுக் காட்டிவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். பாதியில் காலைப் பாசி சுற்றியது. அடுத்த நொடி, வாழ்நாளில் நீந்தாத வேகத்தில் கரைக்கு வந்து விழுந்தார்.

சுடலை அவரைத் தூக்கிவிட்டான். "கட்டைக்கா அண்ணாச்சி இம்புட்டு வேகமா வந்தீக?"

அதோடு கட்டைக் கட்சி கலைந்தது. நாளை முதல் வேன் சாத்தூர் வழியாகச் சுற்றி வருவது என்று ஏகமனதாக முடிவானது.

வீட்டில், இந்தப் புரளியைக் கிளப்பியவரைக் கண்டுபிடிக்காமல் விடப்போவதில்லை என்று அருள்பாண்டி சபதம் போட்டார். அவர் தலையைத் துவட்டிவிட்டுக்கொண்டிருந்த மனைவி பொன்மணியின் கை நின்றது.

"நாந்தேன். ஞாயித்துக்கிழமையானா தூண்டிலத் தூக்கிட்டு ஓடுதீகளேன்னு, செல்லத்தாய்ட்ட சும்மா ஒரு முதலைய விட்டு வச்சேன். ஆனா இனிமே அங்கன போயிராதீக, ஊரே சொல்லுதுல்ல, இருந்தாலும் இருக்கும்."